பேஸ்பாலில் பிசுக்கு: தண்டிப்பதா, அனுமதிப்பதா, பந்தையே மாற்றுவதா?

2021 ஜூன் 21 முதல் அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக் பேஸ்பாலில் பந்து வீச்சாளர்களின் கைகளையும் தொப்பியையும் இடுப்புப் பட்டையையும் நடுவர்கள் சோதித்து வருகிறார்கள். ஒட்டும் பொருள் இருப்பதாக நடுவருக்குத் தோன்றினால் உடனே வெளியேற்றம், பிறகு 10 ஆட்டத் தடை. ஒவ்வொரு தடைக்குப் பிறகும் ரசிகர்கள் மூன்று கட்சியாகப் பிரிகிறார்கள். விதியை இன்னும் இறுக்க வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம். விரல் வழுக்காத அளவுக்கு ஏதாவது பூசிக்கொள்ள அனுமதிக்கலாம் என்பவர்கள் இன்னொரு பக்கம். பந்தையே வழுக்காதபடி செய்யுங்கள் என்பவர்கள் மூன்றாம் பக்கம். நான் மூன்றாவது கட்சி. ஆனாலும் முதல் கட்சியிடம் இருக்கும் நியாயத்தை ஒதுக்கிவிட முடியாது.

பிடிப்பு கூடினால் சுழற்சி கூடும். பின்னோக்கிச் சுழன்று வரும் வேகப்பந்து, மட்டையாளர் எதிர்பார்க்கும் அளவுக்குக் கீழே இறங்காது. மட்டை பந்துக்கு அடியில் வீசிப் போகும். சாதாரணமாக ஒரு வேகப்பந்து நிமிடத்துக்கு 2,300 முறை போலச் சுழலும். வெறும் பயிற்சியால் அதை உயர்த்துவது மிகக் கடினம், பசையால் எளிது. உருண்டைப் பாறைகளைத் தூக்கும் பலசாலிகளுக்காகத் தயாரிக்கப்பட்ட ‘ஸ்பைடர் டாக்’ என்ற பசை வீச்சாளர்களின் கைக்கு வந்து சேர்ந்தபோது, பந்து நழுவாமல் பார்த்துக்கொள்வது என்ற எல்லையை விவகாரம் தாண்டிவிட்டது. அதைத் தடுத்தே ஆக வேண்டியிருந்தது.

தடுத்த விதத்தில்தான் எனக்குச் சண்டை. கிரிக்கெட்டில் பந்து சேதப்பட்டதா என்று அதே பந்தை வாங்கிப் பார்க்கலாம். அது பல ஓவர்கள் ஆட்டத்திலேயே இருக்கும். பேஸ்பாலில் சில வீச்சுகளுக்கு ஒருமுறை பந்து மாறிவிடுகிறது. அதனால் சாட்சியாக மிஞ்சுவது வீச்சாளரின் கை மட்டும்தான், அளவுகோல் நடுவரின் விரல்நுனி. வீச்சாளர் நின்று வீசும் மேட்டின் பின்னால் பைன் மரப் பிசின் பொடிப் பையை லீகே வைக்கிறது. அதைத் தொடுவது சட்டப்படி சரி. அந்தப் பொடி வியர்வையோடு கலந்தால் ஒட்டும். எவ்வளவு ஒட்டினால் குற்றம் என்பதற்கு எண் எதுவும் கிடையாது. அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் அனுமதித்த பொடியே தடைப் பொருளாகிவிடும் என்கிறது லீக்.

2023 ஏப்ரலில் நடந்ததைப் பாருங்கள். 15-ஆம் தேதி நியூயார்க் யாங்கீஸின் டொமிங்கோ ஹெர்மானின் கை பிசுபிசுப்பதைக் கண்ட நடுவர் ஜேம்ஸ் ஹோய், கழுவிவிட்டு வரச் சொல்லித் தொடர்ந்து ஆட விட்டார். கேள்வி கேட்ட எதிரணி மேலாளர்தான் வெளியேற்றப்பட்டார். நான்கு நாள் கழித்து லாஸ் ஏஞ்சல்ஸில் நியூயார்க் மெட்ஸ் அணியின் மேக்ஸ் ஸ்கெர்சர். அவரும் கை கழுவினார், கையுறையையும் மாற்றினார். அடுத்த சோதனையில் கை முன்பைவிட அதிகமாக ஒட்டுகிறது என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். வியர்வையும் பொடியும்தான் என்று அவர் அடித்துச் சொன்னார். மேல்முறையீடு நடுநிலையான ஒருவர் முன் போகாது என்று தெரிந்ததும் அதையும் கைவிட்டார். மே மாதம் டொராண்டோவில் அதே ஹோய், அதே ஹெர்மானை வெளியேற்றினார். 2021 முதல் ஸ்கெர்சர் வரை வெளியேற்றப்பட்ட மூவரின் ஆட்டங்களிலும் பில் கஸி என்ற ஒரே நடுவர் இருந்தார். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் சொல்லவரவில்லை. இத்தனை நடுவர்கள் இருக்கும் லீகில் ஒருவருடைய விரலுக்கு மட்டும் தட்டுப்படும் குற்றத்தை வைத்து ஒரு வீரரின் பெயரில் ஏமாற்றுக்காரர் என்ற முத்திரை விழுவது அநியாயம்.

தண்டனையின் கணக்கும் கோணல். தொடக்க வீச்சாளர் ஐந்து ஆட்டங்களுக்கு ஒருமுறைதான் வீசுவார். 10 ஆட்டத் தடையில் அவர் இழப்பது இரண்டு முறை வீசும் வாய்ப்பை மட்டும்தான். ஓய்வு நாட்கள் இடையில் வந்தால் அணி அட்டவணையை நகர்த்தி ஒரு முறையாகக்கூடக் குறைத்துவிடும். 2024 ஜூனில் சிகாகோவின் ரிக்லி மைதானத்தில் ஒரு பந்துகூட வீசாமல் வெளியேற்றப்பட்ட எட்வின் டியாஸ் போன்ற இறுதிக்கட்ட வீச்சாளரோ எல்லா நாளும் தேவைப்படுபவர். அவருக்குப் பத்து என்றால் பத்துதான். சம்பளம் பிடிக்கப்படுவதில்லை, ஆனால் அவருடைய இடத்தில் அணி வேறு ஆளைச் சேர்க்க முடியாது. 26 பேருக்குப் பதில் 25 பேரோடு ஆட வேண்டும். உண்மையான அடி அவருடைய சக வீரர்களுக்குத்தான்.

இரண்டாவது யோசனை, அளவோடு அனுமதிப்பது. இதன் பக்கம் பேசுபவர்கள் வீச்சாளர் டைலர் கிளாஸ்னோவைச் சுட்டுவார்கள். சூரியத் தடுப்புக் களிம்பையும் பொடியையும் கலந்து பயன்படுத்தி வந்த அவர், 2021 பருவத்தின் நடுவே அதை நிறுத்தி, பந்தை இறுக்கிப் பிடிக்கத் தொடங்கியபின் முழங்கைத் தசைநார் கிழிந்தது. காரணம் இதுதான் என்று அவரே சொன்னார். பருவம் முடியும்வரை பொறுத்திருக்கலாமே என்ற அவர் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் களிம்புக்கு அனுமதி கொடுத்தால், அது களிம்பா வேறு பசையா என்று கண்டுபிடிக்கும் வேலை மறுபடியும் அதே நடுவரின் விரலிடம்தான் வரும். இந்த வழி எனக்குச் சரிப்படவில்லை.

மிஞ்சுவது பந்து. லீகின் பந்துகள் கோஸ்டா ரிகாவில் ராலிங்ஸ் தொழிற்சாலையில் கையால் தைக்கப்படுகின்றன. புதுத் தோல் வழுவழுப்பாக இருப்பதால், டெலவேர் நதியின் கிளையாறு ஒன்றிலிருந்து அள்ளும் சேற்றைப் பணியாளர்கள் ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு பந்திலும் தேய்க்கிறார்கள். குளிரும் வறட்சியும் உள்ள இரவுகளில் அது போதாது. ஜப்பானின் தொழில்முறைப் பந்து கொஞ்சம் சிறியது, தோலிலேயே பிடிப்பு இருக்கிறது. அங்கிருந்து அமெரிக்கா வரும் வீச்சாளர்கள் முதலில் பழக வேண்டியிருப்பது இந்த வழுக்கலோடுதான்.

லீக் முயலவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2023-இல் மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழே உள்ள சதர்ன் லீக் என்ற போட்டியில் முன்கூட்டியே பிடிப்பேற்றிய பந்தைப் பாதிப் பருவம் பயன்படுத்திப் பார்த்தது. பந்துக்குப் பந்து ஒட்டும் தன்மை மாறுகிறது என்ற புகார் எழுந்தது. பருவத்தின் இரண்டாம் பாதியில் பழைய பந்து திரும்பியது. அதைத் தோல்வி என்று சொல்லி அத்தோடு விட்டுவிடுவதை நான் ஏற்கமாட்டேன். தோல் பதனிடுவதில் சரிசெய்யக்கூடிய குறை அது. 2018 முதல் ராலிங்ஸ் நிறுவனத்தில் லீகுக்கே பங்கு உண்டு என்பதால், வெளியாரைக் கெஞ்ச வேண்டிய நிலையும் இல்லை.

பந்து மாறும்வரை சோதனை தொடரட்டும். ஆனால் ஏப்ரல் 15 அன்று ஹெர்மானுக்குக் கிடைத்த அதே வாய்ப்பு எல்லோருக்கும் எழுத்தில் உறுதியாக வேண்டும். தடை விதிக்கும் முன் கையில் இருந்ததைத் துடைத்தெடுத்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். பொடியும் வியர்வையும் மட்டும் என்று முடிவு வந்தால், வீரரின் பெயரிலிருந்து அந்தக் குற்றச்சாட்டை லீக் வெளிப்படையாக நீக்க வேண்டும்.