போலீஸ் அடித்தால் புகார்: மனித உரிமை ஆணையச் சேவை எப்படி?
கட்டணம் ஒரு பைசா கிடையாது, வக்கீல் வேண்டாம், மனுவைத் தமிழிலேயே எழுதலாம். தேசிய மனித உரிமை ஆணையத்தின் புகார்ச் சேவையில் பாராட்ட வேண்டியது இதுதான். சம்பவ தேதி, இடம், மாவட்டம், யார் மீது புகார் என்று தெளிவாக எழுதி அனுப்பினால் டைரி எண், அதாவது புகாரின் பதிவு எண் கிடைக்கும்.

மனுக்கள் சறுக்குவது வேறு இடத்தில். சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டிவிட்டால் 1993ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஆவது பிரிவு கதவைச் சாத்திவிடும். மாநில ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தாலும் எடுக்க மாட்டார்கள். 'எதற்கும் இரண்டு இடத்திலும் போட்டு வைப்போம்' என்பது வேலைக்கு ஆகாது.

மனுவுக்கு முன்பே அரசு மருத்துவமனைக்குப் போய், காயம் எப்படி வந்தது என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி ஏ.ஆர். காப்பி (காயத்தைப் பதியும் விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்கிவிடுங்கள். 'வழுக்கி விழுந்தார்' என்று பதிவானால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஸ்டேஷன் சிசிடிவி பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2020 டிசம்பர் உச்ச நீதிமன்ற உத்தரவு. 'கேமரா ரிப்பேர்' என்ற பதில் வருமுன், நாள், நேரம் குறிப்பிட்டுப் பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

பெரிய குறை, ஆணையம் தண்டிக்காது, பரிந்துரைதான் செய்யும். ஆனால் மாநில ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2021இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டுக்காரர்கள் மாநில ஆணையத்துக்கே போகலாம்.