வீப்ரோ ஸ்டிக்கரை நம்பி 2,80,000 ரூபாய் போச்சு

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களை மொத்தமா வாங்கித் துடைச்சு விக்கிற கடை. பேர் வேண்டாம். பத்து மெஷின், ஒண்ணு 26,500. தூரத்துல இருந்தே ஆன் பண்ண, திரையைப் பார்க்க, பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற அடிப்படை செட்டிங்) வரைக்கும் போக, வீப்ரோங்கற இன்டெல் வசதியில ரிமோட் செட்டப், மெஷினுக்கு 1,500. ஆக 2,80,000 ரூபாய், முழுசா முன்பணம்.

நம்பினது ஒரே ஒரு டெமோவை. ஒரு மெஷினை ஷட்டவுன் பண்ணாங்க. லேப்டாப் பிரௌசரில் அதோட ஐபிக்குப் பின்னாடி 16992னு போர்ட் போட்டு, பாஸ்வேர்ட் கொடுத்து, அங்கிருந்தே ஆன் பண்ணாங்க. ஃபேன் சுத்துச்சு. பணமும் போயிடுச்சு. திரையையும் காட்டுங்கன்னு யாரும் கேட்கல. அங்கதான் கோட்டை விட்டது.

வந்ததுல நாலு மெஷின்ல மதர்போர்டோட முக்கிய சிப், அதாவது சிப்செட், பி360. ப்ராசஸர் ஐ5-8500, வீப்ரோவுக்குத் தகுதியானதுதான், முன்னாடி ஸ்டிக்கரும் பளபளன்னு இருக்கு. ஆனா அந்தத் தலைமுறையில க்யூ370 போர்டும் ஐ219-எல்எம் நெட்வொர்க்கும் கூட இருந்தாத்தான் வேலை செய்யும். இந்த நாலுல இருக்கிறது ஐ219-வி. எந்த அப்டேட்டும் இதை மாத்தாது.

ரெண்டுல, ஆன் ஆகும்போது கண்ட்ரோல்-பி அடிச்சு வீப்ரோ மெனுவுக்குப் போனா, பழைய கம்பெனி வெச்ச பாஸ்வேர்ட் கேட்குது. 'அட்மின்'ங்கற ஆரம்ப பாஸ்வேர்ட் எடுக்கல. பேட்டரியைக் கழட்டி மாட்டியும் போகல.

மிச்சம் நாலு? விண்டோஸ் உள்ள இருந்தே அவசரமா ஆக்டிவேட் பண்ணியிருக்காங்க. அப்படிப் பண்ணா கிளையன்ட் கண்ட்ரோல் மோட்லதான் நிக்கும். ஆன், ஆஃப் ஆகும்; திரையைப் பார்க்கணும்னா அந்த மெஷினுக்கு முன்னாடி ஒருத்தர் உட்கார்ந்து ஆறு இலக்க எண்ணைப் படிச்சுச் சொல்லணும். ராத்திரி பூட்டின ஆபீஸ்ல யார் படிப்பா? டெமோவில் திரையைக் காட்டாத காரணம் இப்பப் புரியுது. இதை மட்டும் சரி பண்ணலாம்: செட்டப்பை முழுசா அழிச்சிட்டு, கண்ட்ரோல்-பி மெனுவில் புது பாஸ்வேர்ட் வெச்சு, யூசர் கன்சென்ட்டை (அந்த ஆறு இலக்க எண் கேட்கற அனுமதி) 'நன்'னு மாத்தி, நெட்வொர்க் அக்சஸை ஆக்டிவேட் பண்ணணும்.

கடைக்காரர் முதல்ல "பயாஸ் ரீசெட் பண்ணுங்க சார்"னார். அடுத்த நாள், "விண்டோஸ் ஃபயர்வால் தடுக்குது சார்". 16992க்கு வர்றதை விண்டோஸ் பார்க்கறதுக்கு முன்னாடியே சிப் எடுத்துக்கும், ஃபயர்வாலுக்கு அங்க வேலையே இல்ல. மூணாவது, "டெமோ பார்த்துத்தானே வாங்கினீங்க?" இப்ப வாட்ஸ்அப்ல நீல டிக் மட்டும். 2,80,000 ரூபாய்க்கு நீல டிக்.

வாங்கறவங்களுக்கு, அவசரமா: டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் பேர் எல்எம்னு முடியுதான்னு ஒவ்வொரு மெஷினிலயும் பாருங்க. கண்ட்ரோல்-பி மெனு உள்ள போய்க் காட்டச் சொல்லுங்க. மானிட்டரைத் தனி கிராஃபிக்ஸ் கார்டில் மாட்டினா ரிமோட்ல திரை வராது, போர்டில் மாட்டுங்க. 'அட்மின்' பாஸ்வேர்டை அப்படியே விடாதீங்க, கீபோர்ட் கிட்ட ரெண்டு நிமிஷம் கிடைச்சா யாரும் மெஷினைப் பிடிச்சுக்கலாம். சிப்செட் பேரை பில்லில் எழுதி வாங்குங்க. எங்க பில்லில் 'கம்ப்யூட்டர் - 10'னு மட்டும்தான் இருக்கு.