இரட்டித்து முப்பதா, ஐந்துக்கு ஒன்பதா? செல்சியஸ்–ஃபாரன்ஹீட் மனக்கணக்கு வழிகள்: ஓர் ஒப்பீடு

நம் வீடுகளில் காய்ச்சல் ஃபாரன்ஹீட்டில், ஏசி செல்சியஸில். "புள்ளைக்கு நூத்தி ரெண்டு அடிக்குது" என்று சொல்லும் அதே வாய்தான் "ஏசிய இருபத்தஞ்சுல வை" என்கிறது. வானிலை ஆய்வு மையம் 40.2 டிகிரி செல்சியஸ் என்று தரும் கணக்கு, மறுநாள் செய்தித்தாளில் 104 டிகிரி வெயிலாக வருகிறது. வெயில் "சதம் அடித்தது" என்று எழுதுவதற்கு 37.8 செல்சியஸ் வேண்டும். 37.7 என்றால் 99.86 தான், அன்றைக்கு அந்த ஊர் சதப் பட்டியலில் வராது. இந்த இரண்டு அளவுகளுக்கும் நடுவே, பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றிக்கொள்ள நான்கைந்து வழிகள் புழக்கத்தில் உள்ளன. எல்லா வேலைக்கும் ஒரே வழி பொருந்தாது.

அதிகம் பரவியிருப்பது "இரட்டித்து 30 கூட்டு". 20 செல்சியஸா, 40, அதோடு 30, ஆக 70. உண்மை விடை 68. இவ்வளவு எளிதான வழி வேறு இல்லை. ஆனால் இது மிகச் சரியாக வருவது ஒரே ஓர் இடத்தில்: 10 செல்சியஸ், 50 ஃபாரன்ஹீட். அங்கிருந்து 5 செல்சியஸ் ஏறும்போதெல்லாம் விடை 1 டிகிரி மிகையாகிறது. 30-இல் 4 டிகிரி, 40-இல் 6 டிகிரி. வேலூரில் 42 என்றால் இந்த வழி 114 என்று சொல்லும். உண்மையில் அது 107.6. குளிர் நாட்டு வானிலைக்கு வசதியான வழி இது. சித்திரை வெயிலுக்கு இதை நம்பக் கூடாது.

காய்ச்சலுக்கு இதைத் தொடவே கூடாது. 37 செல்சியஸ் சாதாரண உடல் சூடு. இரட்டித்து 30 கூட்டினால் 104, கடுங்காய்ச்சல் என்று அர்த்தமாகிவிடும். திருப்பிப் போட்டால் இன்னும் மோசம்: 102-இல் 30 கழித்துப் பாதியாக்கினால் 36. குழந்தை காய்ச்சலில் கொதிக்கும்போது கணக்கு "ஒன்றுமில்லை" என்று சொல்கிறது.

துல்லியம் வேண்டுமானால் அதே இரட்டிப்பில் ஒரு படி சேர்த்தால் போதும். இரட்டி, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழி, 32 கூட்டு. 37-ஐ இரட்டித்தால் 74. அதில் 7.4 போக 66.6. அதோடு 32 சேர 98.6. இது தோராயம் இல்லை, 1.8-ஆல் பெருக்குவதையே வேறு விதமாகச் செய்கிறோம். தவறு வருவது திரும்பி வரும்போதுதான். 102-இல் 32 கழித்தால் 70, பாதி 35. இங்கே பலர் பத்தில் ஒரு பங்கைக் கூட்டி 38.5 என்று நிறுத்திவிடுகிறார்கள். சரியான விடை 38.9. பத்தில் ஒன்றை எடுத்தபின் மிஞ்சுவது ஒன்பது. அதை மீண்டும் பத்தாக்க, மிஞ்சியதில் ஒன்பதில் ஒரு பங்கைச் சேர்க்க வேண்டும். 35-ஐ ஒன்பதால் வகுத்தால் 3.9, ஆக 38.9.

முதலில் 32-ஐக் கழிப்பதா, முதலில் வகுப்பதா என்று குழம்புகிறவர்களுக்கு 40 வழி உண்டு. மைனஸ் 40-இல் இரண்டு அளவும் ஒன்றாகிவிடுவதால், எந்தப் பக்கம் மாற்றினாலும் முதலில் 40 கூட்டு, கடைசியில் 40 கழி. நடுவே ஃபாரன்ஹீட்டுக்குப் போக 1.8-ஆல் பெருக்கு, செல்சியஸுக்கு வர வகு. எழுதிப் போட நல்ல வழி. பேச்சுக்கு நீளம்.

பேச்சுக்கு நான் முதலிடம் தருவது ஐந்துக்கு ஒன்பது ஏணிக்குத்தான். செல்சியஸ் 5 ஏறினால் ஃபாரன்ஹீட் 9 ஏறும்.

0 – 32
5 – 41
10 – 50
15 – 59
20 – 68
25 – 77
30 – 86
35 – 95
40 – 104

இவ்வளவுதான் மனப்பாடம். எல்லாமே துல்லியமான எண்கள், தோராயம் ஒன்றுகூட இல்லை. இடையில் வரும் எண்ணுக்கு, பக்கத்துப் படியிலிருந்து ஒரு செல்சியஸுக்கு இரண்டு ஃபாரன்ஹீட் என்று நகர்ந்தால் போதும். மேலே இருக்கும் படியோ கீழே இருக்கும் படியோ, இரண்டு டிகிரிக்கு மேல் நகர வேண்டியிருக்காது. அதனால் பிழை 0.4 ஃபாரன்ஹீட்டைத் தாண்டாது. 42 என்றால் 104-இலிருந்து 4 ஏறி 108 (உண்மை 107.6). 28 என்றால் 86-இலிருந்து 4 இறங்கி 82 (உண்மை 82.4). இந்த 28–82 ஜோடியில் எண்கள் தலைகீழாக நிற்பதைக் கவனியுங்கள். 16–61-உம் அப்படியே. ஏணி மறந்துபோனால் பிடித்துக்கொள்ள இந்த இரண்டும் உதவும்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை, "இங்க இன்னைக்கு எழுபதுதாம்மா, நல்லா இருக்கு" என்கிறது. 70 என்றால் 68-க்கு 2 மேல், அதாவது 21 செல்சியஸ். "நம்ம கொடைக்கானல் மாதிரி இருக்குன்னு சொல்லு" என்று அம்மா பதில் சொல்லிவிடலாம். அங்கே "எண்பதுகளில்" என்றால் 27 முதல் 32 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சில் வந்த எண் தோராயமானது என்றால் விடையிலும் தசமம் வேண்டாம். "தொண்ணூறு கிட்ட" என்பதை 32.2 என்று சொல்வது, சொன்னவரிடம் இல்லாத துல்லியத்தைச் சேர்ப்பதாகும்.

அந்தத் தவறு மருத்துவத்திலேயே நடந்திருக்கிறது. 1868-இல் ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிக் சராசரி உடல் சூடு 37 செல்சியஸ் என்று எழுதினார். அது முழு எண். ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியபோது 98.6 என்று ஒரு தசமம் ஒட்டிக்கொண்டது. 98.6-ஐ ஓர் எல்லைக்கோடு போல நினைத்து 98.9-ஐப் பார்த்துப் பதறுவதற்குக் காரணமே இல்லை.

காய்ச்சலுக்கு எந்தக் கணக்கும் போட வேண்டாம் என்பதே என் கருத்து. நான்கு ஜோடிகள் போதும்: 37 – 98.6, 38 – 100.4, 39 – 102.2, 40 – 104. மருத்துவரிடம் போனில் சொல்லும்போது தெர்மாமீட்டர் காட்டும் எண்ணையே சொல்லுங்கள், எந்த அளவு என்பதையும், வாயிலா அக்குளிலா என்பதையும் சேர்த்து. "அக்குளில் வைத்தால் ஒண்ணு கூட்டிக்கோ" என்ற வீட்டு வழக்கம் ஃபாரன்ஹீட்டுக்காக வந்தது. தெர்மாமீட்டர் செல்சியஸில் இருக்கும்போது அப்படிக் கூட்டினால் 37.5 என்பது 38.5 ஆகும், ஃபாரன்ஹீட்டில் அது 101.3. கூட்ட நினைத்ததோ 99.5-ஐ 100.5 ஆக்க மட்டும். கூட்டாமல் சொல்வதே நல்லது.

கேக் சுடும் அடுப்புக்கு (ஓவன்) வந்தால் வெறும் இரட்டிப்பு ஜெயிக்கிறது, 30-உம் வேண்டாம், 32-உம் வேண்டாம். 160 செல்சியஸும் 320 ஃபாரன்ஹீட்டும் மிகச் சரியாக ஒன்று. 150 முதல் 200 வரை இரட்டிப்பின் பிழை 8 ஃபாரன்ஹீட்டுக்குள் அடங்கிவிடும். அமெரிக்கக் குறிப்பில் 350 என்று கேக்குக்குப் போட்டிருந்தால் நம் ஓடிஜி ஓவனில் 175, உண்மை 177. 400 என்றால் 200, உண்மை 204. வானிலைப் பழக்கத்தில் 180-ஐ இரட்டித்து 30 கூட்டினால் 390 வரும். உண்மை 356. அந்த 34 டிகிரி மிகையில் கேக்கின் மேல்புறம் கருகி, நடுப்பகுதி மாவாகவே இருக்கும்.

கடைசியாக ஒரு பொறி. "இயல்பை விட 3 டிகிரி செல்சியஸ் கூடுதல்" என்ற செய்தியை 37.4 ஃபாரன்ஹீட் கூடுதல் என்று மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வித்தியாசத்துக்கு 32 கிடையாது, 1.8 மட்டும்தான். 3 செல்சியஸ் கூடுதல் என்றால் 5.4 ஃபாரன்ஹீட் கூடுதல். ஏசியை 24-இலிருந்து 26-க்கு ஏற்றினால் ஃபாரன்ஹீட்டில் 3.6 ஏறுகிறது. ஏசியில் திடீரென்று 75 என்று தெரிந்தால் பழுதென்று நினைக்க வேண்டாம், அது 24 செல்சியஸ்தான். பல ரிமோட்டுகளில் கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் பழைய அளவு திரும்பிவிடும்.