சுகர் காலுக்கு எம்.சி.ஆர். செருப்பு: கிருஷ்ணகிரி மிஷன் முகாமில் வாங்கியது

வீட்டில் யாருக்காவது சுகரில் கால் மரத்துப்போயிருந்தால், மரத்த காலுக்கென்றே தனி ரப்பரில் அளவெடுத்துத் தைக்கும் இந்தச் செருப்பை வாங்கிக் கொடுங்கள். வாங்குவதா வேண்டாமா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு இதுதான் பதில். மற்றவர்கள் பொறுமையாகப் படியுங்கள், சொல்ல நிறைய இருக்கிறது.

வாங்கியது அம்மாவுக்காக. காவேரிப்பட்டணம் பக்கம் தோப்பு, மாங்காய் சீசனில் மண்டி என்று வாழ்நாள் முழுக்க நடந்தே வேலை பார்த்தவர். சுகர் வந்து வருடங்கள் ஆகிவிட்டன. ஒரு நாள் ஒரு காலில் மட்டும் ஹவாய் செருப்போடு வீட்டுக்குள் வந்தார், இன்னொன்று வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது, அது விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. உள்ளங்காலில் பெருவிரலுக்குக் கீழே காய்ப்பு, அதற்கடியில் ரத்தம் கட்டியிருந்தது. டவுனில் ஒரு கடையில் டாக்டர் செருப்பு என்று மெத்தென்ற ஒன்றைப் பெரிய விலைக்குத் தந்தார்கள், வாங்கின கொஞ்ச நாளிலேயே அடிப்பகுதி பலகை மாதிரி ஆகிவிட்டது, காய்ப்பும் குறையவில்லை.

அப்புறம்தான் பக்கத்து வீட்டு அக்கா சொல்லி இந்த முகாமுக்குப் போனோம். சிஸ்டர்கள் நடத்தும் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்காரர்கள் மாதத்தில் ஒரு நாள் இந்தப் பக்கம் ஒரு சர்ச் ஹாலில் கால் பார்க்கிறார்கள். பெயரைப் போட வேண்டாம் என்று சிஸ்டரே கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கூட்டம் கூடினால் தொழுநோய் வந்து குணமாகியும் கால் மரத்தே இருப்பவர்கள் வரிசையில் பின்னால் போய்விடுவார்கள், இது முதலில் அவர்களுக்காக நடப்பது என்கிறார். நியாயமான பேச்சு.

அங்கே செருப்பை எடுத்தவுடன் நீட்டுவதில்லை. முதலில் காலைக் கழுவச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, நைலான் நரம்பு ஒன்றால் பாதத்தில் பல இடங்களில் தொடுகிறார்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நரம்பு அது, தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும். அம்மா பல இடங்களில் வாயே திறக்கவில்லை. சிஸ்டர் அதைப் பார்த்து முகம் சுளிக்கவும் இல்லை, பயமுறுத்தவும் இல்லை. தரையில் உட்கார்ந்து, அம்மாவின் காலை மடியில் வைத்துக்கொண்டு, காய்ப்பைச் சீவிவிட்டார். எங்கள் ஊரில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பாட்டிகள் அதிகம், அவர்களிடம் அவரவர் மொழியிலேயே பேசுகிறார். யாரிடமும் மதம் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்கவில்லை. அம்மா நெற்றியில் விபூதியோடு போனார், விபூதியோடே வந்தார்.

பிறகு காகிதத்தில் கால் வைத்து வரைந்து அளவு எடுத்தார்கள். செருப்பு தைப்பவர் ஒரு பெரியவர், சின்ன வயதில் தொழுநோய் வந்து குணமானவராம், கைவிரல் சில மடங்கித்தான் இருக்கின்றன. அந்தக் கையால் தையல் போடுகிற நேர்த்தியைப் பார்க்க வேண்டும்.

செருப்புக்கு வருகிறேன். எம்.சி.ஆர். என்றால் மைக்ரோ செல்லுலார் ரப்பர். உள்ளே பஞ்சு போல லட்சக்கணக்கான காற்றறைகள் உள்ள ரப்பர், ஆனால் பஞ்சு மாதிரி அமுங்கியே கிடக்காது. கால் படுகிற மேல் அட்டை இந்த ரப்பர், அடியில் முள்ளும் கல்லும் ஏறாத கெட்டி ரப்பர். இரண்டையும் ஒட்டித் தைக்கிறார்கள், ஆணி என்ற பேச்சே கிடையாது. உணர்ச்சி இல்லாத காலில் ஓர் ஆணி முனை மேலே வந்தால் நாள் முழுக்க குத்திக்கொண்டே இருக்கும், போட்டவருக்குத் தெரியவே தெரியாது. விரலிடுக்கில் வார் இல்லை, குறுக்கே இரண்டு பட்டை, குதிகாலுக்குப் பின்னால் ஒரு பட்டை. பின்பட்டை இருப்பதால் கழன்று விழாது, விரலை இறுக்கிப் பிடித்து நடக்கவும் வேண்டாம்.

சரியான ரப்பரா என்று சோதிக்கப் பெரியவர் ஒரு வழி சொன்னார். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் கனம் பாதியாகக் குறைய வேண்டும், விட்டதும் பழையபடி எழ வேண்டும். எழவில்லை என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. கடையில் வாங்கிய அந்தப் பழைய செருப்பை இப்படி அழுத்திப் பார்த்தேன், அசையவே இல்லை.

இந்தச் செருப்பின் கதை நம் பக்கத்துக் கதை என்பது பலருக்குத் தெரியாது. பால் பிராண்ட் என்ற டாக்டர் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின், இரண்டு பேரும் மிஷனரிகள். அப்பா 1929இல் மலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். ஈவ்லின் அம்மா மலை மக்களைக் கைவிடவில்லை, 1974இல் 95 வயதில் இறக்கும்வரை அந்த வேலைதான். மகன் லண்டனில் படித்து 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விழும் என்றுதான் அப்போது எல்லோரும், டாக்டர்கள் உட்பட, நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை, வலி தெரியாததால் சுட்டுக்கொள்கிறார்கள், குத்திக்கொள்கிறார்கள், புண்ணோடே நடக்கிறார்கள், அதில்தான் விரலும் பாதமும் போகின்றன என்று காட்டியவர் இவர். ராத்திரி தூக்கத்தில் எலி கடித்து விரல் போவதைக் கண்டுபிடித்து, நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். காரணம் தெரிந்த பிறகு கைக்கு ஆபரேஷன், காலுக்குச் செருப்பு என்று வேலை நடந்தது. 1955இல் காட்பாடிப் பக்கம் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம் வந்தது, எம்.சி.ஆர். செருப்பு வளர்ந்தது அங்கேதான். 1966இல் அவர் அமெரிக்கா போய் அங்கேயும் தொழுநோய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். இங்கே கற்றது சுகர் நோயாளிகளின் காலுக்கும் பொருந்தும் என்று காட்டினார். யாரும் தொடக்கூடத் தயங்கிய ஏழைகளின் பாதத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றதுதான் இன்றைக்கு என் அம்மாவின் காலைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இதை நன்றியோடு சொல்கிறேன்.

காப்பாற்றுகிறதா என்றால், ஆமாம். காய்ப்பு மெதுவாகத்தான் குறைந்தது, ஆனால் அதற்கடியில் மறுபடி ரத்தம் கட்டவில்லை. செருப்பு மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தினமும் ராத்திரி பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறோம், கழுவி விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைக்கிறோம், இடுக்கை விட்டுவிட்டு மற்ற இடத்தில் எண்ணெய் தடவுகிறோம். இதெல்லாம் சிஸ்டர் சொல்லிக் கொடுத்தது. வீட்டுக்குள்ளும் செருப்பு போடச் சொல்கிறார்கள், அதுதான் அம்மாவுக்கு இன்னும் மனசு ஒப்பாத விஷயம். இப்போது வீட்டுக்குள் போட மட்டும் தனி ஜோடி வைத்திருக்கிறோம், பூஜை அறைக்குள் மட்டும் கழற்றுகிறார்.

குறைகளும் இருக்கின்றன. தைப்பவர் ஒருவர்தான், அதனால் அடுத்த முகாம் வரை காத்திருக்க வேண்டும். பட்டையில் இருக்கும் வெல்க்ரோ சேற்றில் நடந்தால் மண் ஏறிப் பிடிக்காமல் போகிறது, மழைக்காலத்தில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கிறோம். கேழ்வரகு வயல் ஈரத்தில் இறங்க இது லாயக்கில்லை. தினமும் நடப்பவர்களுக்கு ஆறேழு மாதத்தில் மேல் ரப்பர் எழுச்சி இழந்துவிடும், மாற்றியாக வேண்டும். தொழுநோயால் கால் மரத்தவர்களுக்கு அரசுத் திட்டத்திலேயே வருடத்துக்கு இரண்டு ஜோடி இலவசமாகத் தருவது இதனால்தான். எங்களிடம் ரப்பர், தையல் கூலிக்கு மட்டும் வாங்கினார்கள், கடையில் கொடுத்ததில் பாதிகூட இல்லை. கொடுக்க முடியாதவர்களிடம் அதுவும் கேட்பதில்லை.

பெரிய குறை நிறம்தான். கன்னங்கரேல் என்று, பார்த்தவுடன் இன்ன செருப்பு என்று தெரிகிற மாதிரி இருக்கிறது. உறவில் ஒருவர் கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும், "என்ன அண்ணி, குஷ்டக்காரங்க செருப்பப் போட்டுட்டு வந்திருக்கீங்க" என்று கேட்டுவிட்டார். அம்மா அன்றைக்குச் சாப்பிடாமல் வந்துவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை. தொழுநோய்க்கு 6 மாதம் அல்லது 12 மாதம் மாத்திரை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், முழுசாகக் குணமாகும். குணமானவர் போடும் செருப்பில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனாலும் வெட்கத்தால் செருப்பை மூலையில் போட்டுவிட்டு வெறுங்காலோடு நடப்பவர்கள் இருக்கிறார்கள் என்று சிஸ்டர் வருத்தப்பட்டார். பட்டையையாவது பழுப்பு நிறத்தில், சாதாரணச் செருப்பு மாதிரி செய்து தாருங்கள் என்று கேட்டிருக்கிறேன், பெரியவரும் தோல் கிடைத்தால் செய்கிறேன் என்றிருக்கிறார்.

வேலூர் வரை போக முடிந்தவர்கள் கரிகிரியிலேயே கேட்கலாம், அங்கே செருப்புப் பிரிவு இருக்கிறது. எங்கே போனாலும் காலுக்கு உரியவரையே கூட்டிக்கொண்டு போங்கள், அளவுச் சீட்டை மட்டும் கொடுத்துவிட்டு வரும் வேலை இல்லை இது. அவர் போட்டுத் தேய்ந்த பழைய செருப்பையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள், எந்த இடம் பள்ளமாகியிருக்கிறது என்று பார்த்துத்தான் அழுத்தம் எங்கே விழுகிறது என்று சொல்கிறார்கள்.