ஜகார்த்தா போனால் மென்டெங்கில் இருக்கும் இந்த வீட்டை விட்டுவிடாதீர்கள்

ஜகார்த்தாவை ஒரே நாளில் சுற்றிக் காட்டுகிறோம் என்று பேக்கேஜ் விற்பவர்கள் மோனாஸ் என்ற தேசிய நினைவுக் கோபுரம், கோட்டா துவா என்ற பழைய நகரம், கடைசியில் ஒரு மால் என்று முடித்துவிடுகிறார்கள். நான் பார்த்த பேக்கேஜ் எதிலும் மென்டெங் பகுதியில் இருக்கும் இமாம் போன்ஜோல் சாலையின் 1ஆம் எண் வீடு இல்லை. இந்தோனேசியா எப்படி விடுதலை பெற்றது என்று தெரிந்துகொள்ள 132 மீட்டர் உயரக் கோபுரத்தைவிட இந்த மாடி வீடுதான் எனக்கு உதவியது. ‘மியூசியம் பெருமூசான் நஸ்கா ப்ரொக்லமாசி’ என்று கேளுங்கள். சுதந்திரப் பிரகடனம் எழுதப்பட்ட இடம் இது.

போவதற்கு முன் கதை கொஞ்சம் தெரிந்திருந்தால் அறைகள் தானாகவே பேசும். 1945 ஆகஸ்ட் 15 அன்று, இந்தோனேசியாவை ஆக்கிரமித்திருந்த ஜப்பான் சரணடைந்தது. உடனே விடுதலையை அறிவிக்க வேண்டும், அது ஜப்பான் கொடுத்த பரிசாக இருக்கக் கூடாது என்று துடித்த இளைஞர்கள், மறுநாள் விடியற்காலையில் விடுதலை இயக்கத் தலைவர்களான சுகர்னோவையும் ஹத்தாவையும் ரெங்காஸ்டெங்லோக் என்ற ஊருக்குக் கொண்டு போய்விட்டார்கள். இரவு திரும்பி வந்தால் ஜப்பானிய ராணுவம் கூட்டம் நடத்த அனுமதிக்கவில்லை. அப்போதுதான் ஜப்பானியக் கடற்படை அதிகாரி மயேடா தன் வீட்டைக் கொடுத்தார். கடற்படைக்காரர் வீட்டுக்குள் ராணுவம் சட்டென்று நுழைய முடியாது. பேச்சை ஆரம்பித்து வைத்துவிட்டு அவர் மாடிக்குத் தூங்கப் போய்விட்டார் என்கிறார்கள்.

சாப்பாட்டு அறையில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். அங்கே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சுகர்னோ எழுத, ஹத்தாவும் இன்னொரு தலைவரான சுபார்ஜோவும் வாசகம் சொல்ல, உருவான பிரகடனம் மொத்தமே இரண்டு வாக்கியம். அடித்தலும் திருத்தலுமாக இருக்கும் அந்தக் கையெழுத்துத் தாளின் நகலை நிதானமாகப் பாருங்கள். கீழே முதலில் ‘இந்தோனேசிய மக்களின் பிரதிநிதிகள்’ என்றுதான் இருந்தது. எல்லோரும் கையெழுத்துப் போடலாம் என்று சுகர்னோ சொல்ல, முன்கூடத்தில் காத்திருந்தவர்களிடையே வாக்குவாதம். சுகர்னோவும் ஹத்தாவும் மட்டும் மக்களின் பெயரால் போடட்டும் என்று இளைஞர் தரப்பிலிருந்து சுகர்னி சொன்னார், அதுவே நின்றது. தேதியில் ஆண்டு ‘05’ என்று இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், அது ஜப்பானியக் கணக்கில் 2605. ஜப்பான் கொடுத்ததாக இருக்கக் கூடாது என்று அவ்வளவு போராடியவர்களின் தாளிலேயே ஜப்பானிய ஆண்டு இருப்பதைப் பார்க்கும்போது, எவ்வளவு அவசரத்தில், எந்த நெருக்கடிக்குள் இருந்து இதை எழுதினார்கள் என்பது புரிகிறது.

அடுத்தது தட்டச்சு செய்த அறை. வீட்டில் இருந்த இயந்திரத்தில் ஜப்பானிய எழுத்துகள் மட்டும்தான், ஆகவே ஜெர்மன் கடற்படை அலுவலகத்திலிருந்து ஒன்றை வாங்கி வந்தார்கள். தட்டச்சு செய்தவர் சயூத்தி மெலிக். வேலை முடிந்ததும் கையெழுத்துப் பிரதி குப்பைக்குப் போய்விட்டது! பத்திரிகையாளர் பி.எம். டியா அதை எடுத்து வைத்திருந்து 1992இல்தான் அரசிடம் ஒப்படைத்தார். மூலப் பிரதி இப்போது தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பியானோவையும் பார்த்துவிடுங்கள், தட்டச்சுப் பிரதியில் கையெழுத்துப் போட்டது அதன்மேல் வைத்துத்தான்.

பெரிய மியூசியம் போல அரிய பொருள்கள் குவிந்திருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். இங்கே பார்க்க வேண்டியது அறைகளைத்தான். வழிகாட்டி கிடைத்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், எந்த அறையில் யார் உட்கார்ந்தார், யார் எதிர்த்துப் பேசினார் என்று கேட்டுக்கொண்டே நடந்தால்தான் சுவை. பின்பக்கம் பதுங்கு அறை ஒன்றும் உண்டு.

இதோடு நிறுத்தாமல் தமான் ப்ரொக்லமாசி என்ற பூங்காவுக்கும் போங்கள். பெகாங்சான் திமூர் 56ஆம் எண்ணில் இருந்த சுகர்னோவின் வீட்டு முன்னால்தான் ஆகஸ்ட் 17 காலை 10 மணிக்குப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. காய்ச்சலோடு நின்று வாசித்தார் சுகர்னோ. அந்த வீட்டை 1960களில் இடித்துவிட்டார்கள், இன்னும் எனக்கு ஆறவில்லை. அவர் நின்ற இடத்தில் ஒரு தூண் இருக்கிறது, அருகே சுகர்னோ, ஹத்தா இருவரின் சிலைகள். இணையத்தில் கேட்கும் சுகர்னோவின் குரல் அன்றைய பதிவு அல்ல, 1951இல் வானொலிக்காகத் திரும்ப வாசித்தது. படங்கள் மட்டும் அன்றைக்கே எடுத்தவை. அவற்றை எடுத்த ஃபிரான்ஸ் மெண்டூர் ஃபிலிமை மண்ணில் புதைத்து மறைத்ததால் தப்பின.

திங்கட்கிழமை போகாதீர்கள், மியூசியங்களுக்கு விடுமுறை. காலையில் மியூசியம், வெயில் தணிந்த பிறகு பூங்கா என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். மோனாஸை அதற்கு அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே சுதந்திர மண்டபத்தில் நிற்கும்போது இந்தச் சாப்பாட்டு அறை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.