துடிப்பு வடிவமைப்பி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

மூலக்கூறில் எந்தப் பிணைப்பு முறிய வேண்டும் என்பதை ஒளியைக் கொண்டே தீர்மானிக்க முயலும் ஆய்வகங்களுக்கு, எங்களிடம் உள்ளதைப் போன்ற 640 படப்புள்ளித் திரவப் படிகத் துடிப்பு வடிவமைப்பி (லேசர் துடிப்பின் வடிவத்தை மாற்றும் கருவி) பெரிதும் உதவும். 800 நானோமீட்டரை மையமாகக் கொண்ட டைட்டானியம் சஃபையர் லேசரின் மிகக் குறுகிய ஃபெம்டோநொடித் துடிப்பை ஒரு கீற்றணி (நுண்கோடுகள் கொண்ட ஒளிப்பிரிப்பான்) நிறங்களாகப் பிரிக்க, ஒவ்வொரு நிறத்தின் அலைக்கட்டத்தையும் (அலையின் ஏற்ற இறக்க நிலையை) திரவப் படிகம் தனித்தனியே மாற்ற, இரண்டாம் கீற்றணி அவற்றை மீண்டும் ஒன்றுசேர்க்கிறது. பலன் தரும் வடிவத்தை முன்கூட்டியே கணக்கிட வேண்டியதில்லை. 1992இல் ஆய்வாளர்கள் ஜட்சனும் ராபிட்ஸும் முன்மொழிந்தபடி, விளைபொருளை அளந்து அளந்து கணினியே அதைத் தேடிக்கொள்ளும். 1998இல் ஜெர்மனியின் வுர்ட்ஸ்பர்க்கில் கெர்பர் குழுவினர் ஓர் இரும்புச் சேர்மத்தின் சிதைவை இவ்வாறே திசைதிருப்பிக் காட்டினர்.

துல்லியத்தில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒளிப்பாதையைச் சீரமைப்பதிலேயே எங்களுக்கு முதல் வாரம் கரைந்தது. அறை வெப்பநிலை சற்று மாறினாலும் அளவுத்திருத்தம் பிசகுகிறது, தடித்த கையேடோ (அழகாகத்தான் அச்சிட்டிருக்கிறார்கள்) இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. திரவப் படிகம் நிலைமாறப் பல மில்லிநொடிகள் பிடிப்பதால், துடிப்புக்குத் துடிப்பு வடிவத்தை மாற்ற விரும்புவோர் ஒளியிழப்பைப் பொறுத்துக்கொண்டு ஒலியலையால் ஒளியை மாற்றும் ஒலி-ஒளியியல் வகையை நாடுவதே நல்லது.