மொனாட்நாக் மலையில் குளிர்காலம்: மைக்ரோஸ்பைக்ஸா, ஸ்னோஷூவா?

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் மொனாட்நாக் 965 மீட்டர்தான், ஆனால் மரமே இல்லாத அதன் மொட்டைப் பாறை உச்சியில் குளிர்காலக் காற்று ஆளையே தள்ளும். தனியாக ஏறுகிறவர் காலில் எதை மாட்டுவது என்பதை உயரம் முடிவு செய்வதில்லை, அன்றைய பனிதான் முடிவு செய்கிறது.

உச்சிக்கு ஏறும் ஒயிட் டாட் பாதையில் ஆள் நடமாட்டம் அதிகம். பனி மிதிபட்டு இறுகி, பகலில் கொஞ்சம் உருகி, இரவில் மறுபடி உறைந்து, செங்குத்தான பாறைகளில் கண்ணாடி மாதிரி படிந்திருக்கும். அங்கே மைக்ரோஸ்பைக்ஸ்தான். ரப்பர் பட்டையை பூட்ஸ் மேல் இழுத்து மாட்டினால் சரி, எஃகுப் பற்கள் ஐஸைக் கவ்விக்கொள்ளும், எடையும் குறைவு. ஈரப்பனியில் மட்டும் அடியில் உருண்டை கட்டிக்கொள்ளும், அவ்வப்போது தட்டிவிட வேண்டும்.

புதுப்பனி முழங்கால் வரை விழுந்திருந்தால் கதை வேறு. ஸ்பைக்ஸ் அங்கே உதவாது, ஒவ்வோர் அடிக்கும் கால் புதையும், பனிக்கு அடியில் மறைந்த கற்களுக்கு இடையில் கணுக்கால் மாட்டி முறுக்கிக்கொண்டால் தூக்கிவிட பக்கத்தில் யாரும் இல்லை. பூட்ஸுக்கு அடியில் கட்டும் அகலமான சட்டம்தான் ஸ்னோஷூ, அது உடல் எடையைப் பரப்பிப் பனிக்கு மேலேயே நிறுத்தும். ஆனால் பாறை வெளியே தெரியும் மேல்பகுதியில் அதுவே தடுமாற வைக்கும்.

நான் ஸ்பைக்ஸை எப்போதும் எடுத்துப்போவேன், புதுப்பனி என்றால் ஸ்னோஷூவைப் பையில் கட்டிக்கொள்வேன். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஸ்பைக்ஸை வாங்குங்கள், பெரும்பனி விழுந்த மறுநாள் மட்டும் போகாமல், நாலு பேர் நடந்து பாதை இறுகியதும் போங்கள்.